கழிப்பாசி

பாசியைப் பார்த்த அன்றைக்கு ஜெர்லின் வாயை மூடிக்கொண்டு குடத்தைத் தூக்கி வந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. ஆனால் அவள் வளர்ந்த இடம் அப்படி. தங்கச்சிமடத்தில் அவள் அப்பா சூசைமுத்து நண்டு வலை போடுகிறவர். கரையில் வலையைப் பிரிக்கும்போது நண்டோ சங்கோ குப்பையோ, கையில் எது சிக்கினாலும் அதன் பேரைச் சொல்லித்தான் ஒதுக்குவார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டாள்.

மார்கழி மாசம். ஊருணிப் படியில் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். பக்கத்து வீட்டு ராமலெட்சுமி குடத்தை முக்கித் தூக்கியபோது அதன் கழுத்தில் பச்சையாக ஒரு கொத்து சுற்றிக்கொண்டு வந்தது. ராமலெட்சுமி அதைக் கையால் பிய்த்தாள். உடனே கையை உதறினாள்.

“ஆத்தாடி, முள்ளால்ல குத்துது! என்ன எழவு இது?”

ஜெர்லின் வாங்கிப் பார்த்தாள். இலை ஓரமெல்லாம் பல் பல்லாக முள். கிள்ளினால் பொட்டென்று ஒடிந்தது.

“இது எங்க ஊருக் கழிப்பாசிக்கா. கடலுக்கு உள்பக்கம் உப்புத்தண்ணி தேங்கிக் கெடக்கும்ல, கழி, அதுல கெடக்கும். நண்டு வலையில இதைப் பிரிச்சுப் பிரிச்சே கை புண்ணாயிரும். இங்கன எப்படி வந்துச்சு?”

கேட்டவள் அவள்தான். சாயங்காலத்துக்குள் ஊர் பதில் கண்டுபிடித்துவிட்டது.

ஊர் கூழையேந்தல். ஆர்.எஸ்.மங்கலத்துக்குக் கிழக்கே, கடலுக்கும் வயலுக்கும் நடுவில். போர் போட்டால் உப்பு. காவிரித் தண்ணீருக்குக் குழாய் பதித்திருக்கிறார்கள். தண்ணீர் அதுவாக மனசு வைத்த அன்றைக்கு வரும். ஆகையால் குடிக்க ஊருணிதான். அந்த ஊருணிக்கு இருக்கிற சட்டம் கோயிலுக்கு இல்லை. செருப்பு ஏறக் கூடாது, ஆடுமாடு அண்டக் கூடாது, சோப்பு படக் கூடாது, விளக்கு வைத்தபின் குடம் இறங்கக் கூடாது. குடத்தோடு இறங்குவது பெண்கள் மட்டும். ஆண்பிள்ளை ஒருவன் இடுப்பில் குடத்தோடு அந்தப் படியில் ஏறி வந்தால் அவன் பேரப்பிள்ளைகள் வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். கட்டிக்கொண்டு வருகிற பெண் முதல் குடத்தை மோந்து பிள்ளையார் தலையில் ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டால் அவள் இந்த ஊர்க்காரி.

ஜெர்லினும் ஊற்றினாள். ராமநாதபுரத்து ஜவுளிக்கடையில் அவளும் அய்யப்பனும் ஒரே தளத்தில் வேலை பார்த்து, இரண்டு வீட்டிலும் சண்டை போட்டுக் கட்டிக்கொண்டவர்கள். கழுத்தில் சிலுவையோடு ஒருத்தி படியிறங்கியபோது சில வாய்கள் கோணின. மாமியார் கனகலட்சுமி மேல்படியில் நின்று, “மோந்துட்டு வா, எவ என்ன சொல்றான்னு பாக்குறேன்” என்றாள். அதனால் நடந்தது.

ஊருக்கு இன்னொரு பெருமை பறவைகள். கண்மாய்க்குள் நிற்கிற கருவேல மரங்களில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டும். மழை விழுந்ததும் வடக்கேயிருந்து தாராக்கள், காட்டு வாத்துகள், கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். அவற்றுக்காகத் தீபாவளிக்கு ஊரில் வெடி கிடையாது. சாவுக்குக் கொட்டு கிடையாது. இதற்காக மாவட்டத்தில் கேடயம் கொடுத்திருக்கிறார்கள். அது ஊர்த் தலைவர், அம்பலம் உக்கிரபாண்டி வீட்டு டிவிக்கு மேலே இருக்கிறது. வருசா வருசம் மைக்கை நீட்டுகிறவர்களிடம் அவர் சொல்வது, “பறவைக எங்க பிள்ளைக மாதிரி.” அதில் பொய் இல்லை. மருமகள்களைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதில்லை.

தாராக்கள் கண்மாயோடு நிற்காது. ஊருணியிலும் வந்து உட்காரும். யாரும் விரட்ட மாட்டார்கள். சோப்புப் போட்டால் அபராதம். தாரா பேண்டால் பாக்கியம்.

அன்று சாயங்காலம் ஊர்க்கூட்டம் நடக்கிற மந்தையில் ஆட்கள் கூடினார்கள். ஜெர்லினைக் கூப்பிட்டார்கள். உக்கிரபாண்டி அய்யப்பனுக்குப் பெரியப்பா முறை, அவளுக்கு மாமா. சத்தமே போடாமல் கேட்டார்.

“போன பொங்கலுக்கு உன் அண்ணன் வந்தான்ல?”

“வந்தான் மாமா.”

“வலை கொண்டாந்தான்ல?”

“வீச்சு வலை. உங்க மகன்தான் போன் போட்டுக் கொண்டுவரச் சொன்னாரு. கண்மாயில வீசிக் காட்டினான். கெண்டையும் விராலும் புடிச்சு உங்க வீட்டுலதான் குழம்பு வச்சாக. நீங்களும் ரெண்டு தடவை வாங்கி ஊத்துனீக.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். உக்கிரபாண்டியின் மகன் தர்மராஜுக்கு முகம் சிவந்தது. “குழம்புக் கதை எதுக்கு இப்ப? உன் அண்ணன் கிளாட்சன் ஊருணிப் படியில வலையை அலசினான். நான் பாத்தேன்.”

“பாத்திருந்தா அப்பவே பிடிச்சிருக்கலாம்ல?”

“விருந்தாளியாச்சேன்னு விட்டேன்.”

கிளாட்சன் ஊருணிக் கரையில் உட்கார்ந்தது உண்மை. அங்கேதான் டவர் கிடைக்கும். யாரோ ஒரு பெண்ணோடு பேசி முடிக்கிற வரைக்கும் ஜெர்லின் பக்கத்திலேயே வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு நின்றாள். வலை அப்போது வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. சொன்னாள். தங்கச்சி வேற எப்படிச் சொல்லும் என்றார்கள்.

“இங்க பாருத்தா,” என்றார் உக்கிரபாண்டி. “இது கடல்பக்கத்துப் பாசின்னு நீயேதான் சொன்ன. நாங்க சொல்லல. கடல்பக்கத்துலருந்து இந்த ஊருக்கு வந்துபோற சனம் எது? உங்க சனம்தான?”

“தாராவும் அங்கனருந்துதான் மாமா வருது. கழியில தலைகீழா முங்கி இந்தப் பாசியத்தான் மேயும். நான் சின்னப்பிள்ளையிலருந்து பாத்திருக்கேன். அங்கன தின்னுட்டு இங்கன வந்து பேளுது. பாசி வெதை அதுல வராதா?”

மந்தை மொத்தமும் சேர்ந்து கத்தியது. அம்மன் நகையைத் திருடியதாக ஒத்துக்கொண்டிருந்தால்கூட அவ்வளவு சத்தம் வந்திருக்காது.

“பறவை மேல பழி போடுறா பாரு!”

“வாயக் கழுவச் சொல்லுங்க அவளை!”

உக்கிரபாண்டி கையை உயர்த்தினார். “பாசி போற வரைக்கும் இந்தப் புள்ள குடம் ஊருணியில எறங்கக் கூடாது. அவ்வளவுதான்.”

அய்யப்பன் அங்கேதான் நின்றான். கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். கிளறி முடித்து வீட்டுக்கு வந்தவன் அவளிடம் ஒன்றும் சொல்லாமல் தங்கச்சிமடத்துக்குப் போன் போட்டான். “மாமா, வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருங்க. முடிஞ்சிரும்.”

சூசைமுத்து மறுநாளே வந்தார். பூசைக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டை. மகள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் நண்டும் கருவாடுமாகப் பை கனக்க வருகிற மனுசன், இந்தத் தடவை வெறுங்கையோடு வந்தார். கடல் சாமான் எதுவும் இந்த ஊர் மண்ணில் பட்டுவிடக் கூடாது என்று பயந்திருக்கிறார். மந்தையில் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

“என் மகன் தெரியாமச் செஞ்சிருப்பான். நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.”

“அப்பா, அண்ணன் செய்யலை!”

“நீ சும்மா இரு பாப்பா.”

மன்னிப்பு மட்டும் போதாது என்றார்கள். பாசியை அவரே எடுத்துவிட்டுப் போகட்டும் என்று தர்மராஜ் சொன்னான். அறுபதைத் தாண்டிய மனுசன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி மகள் கையில் கொடுத்துவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். பொழுது சாய்கிற வரைக்கும் பிடுங்கிப் பிடுங்கிக் கரையில் எறிந்தார். கரையில் நின்றவர்கள், அந்தப் பக்கம் விட்டுப்போச்சு, இந்தப் பக்கம் விட்டுப்போச்சு என்று கை காட்டினார்கள். ஏறி வந்தபோது அவர் கை இரண்டும் முழங்கை வரைக்கும் கோடு கோடாகக் கிழிந்திருந்தது. கடலில் இத்தனை வருசம் கிடந்து அவருக்கு அப்படி ஆனதில்லை.

பஸ் ஏறும்போது சொன்னார்: “விடு பாப்பா. அவுக ஊரு.”

“அப்ப என் ஊரு எதுப்பா?”

அவர் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரத்தில் போய் உட்கார்ந்தார்.

அந்தப் பாசி ஒடிந்த இடத்திலெல்லாம் துளிர்க்கிற ஜாதி. அவர் பிடுங்கும்போது ஒடிந்து மிதந்த துண்டெல்லாம் போய் ஒதுங்கிய இடத்தில் வேர் பிடித்தது. தை பிறப்பதற்குள் ஊருணி முன்னைவிட அடர்த்தியாகிவிட்டது. கிழவன் வேண்டுமென்றே மிதித்துப் பரப்பிவிட்டுப் போய்விட்டான் என்று தர்மராஜ் டீக்கடையில் சொன்னான். குடம் இறங்கக் கூடாது என்பது அப்படியே நின்றது.

வீட்டில் மூன்று பேர். கனகலட்சுமிக்கு முழங்கால் போய்விட்டது, படியிறங்க முடியாது. ஜெர்லின் இறங்கக் கூடாது. அய்யப்பன் இறங்க மாட்டான். டிவிஎஸ் எக்செல்லில் ஆர்.எஸ்.மங்கலம் போய்க் கேன் தண்ணீர் எடுத்து வருவான். ஜவுளிக்கடையில் ஆள் பற்றாக்குறை என்று அவன் தங்கிவிடுகிற நாளில் கேன் வராது. அந்த நாளில் போர்த் தண்ணீர்தான். அதில் பருப்பு வேகாது. கனகலட்சுமிக்கு ஏற்கனவே கல்லடைப்பு உண்டு. தை மாசக் கடைசியில் மறுபடியும் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்து, பல்லைக் கடித்து, கடைசியில் கத்தினாள்.

“நீங்க ஒரு குடம் மோந்துட்டு வந்தா என்ன?” என்று ஜெர்லின் கேட்டாள்.

“ஆம்பள எப்படிறி குடத்தோட எறங்குறது?”

“குடம் தூக்குறது கேவலமா? உங்கம்மா இப்படிக் கெடக்குறது கேவலமா?”

அய்யப்பன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்குத் தெரிந்த ஒரே பதில் அந்த வண்டிதான்.

மறுநாள் காலையில் ஜெர்லின் ஊருணிக் கரைக்குப் போனாள். இறங்கத்தானே கூடாது, நிற்கலாம். தாராக்கள் நடுத்தண்ணீரில் ஏதோ சீமந்தத்துக்கு வந்தவர்கள் மாதிரி கூடி உட்கார்ந்திருந்தன. கரைக்கல் முழுக்க அவற்றின் எச்சம், வெள்ளையும் பச்சையுமாக. காய்ந்துபோன ஒன்றை ஓலைக்குச்சியால் உடைத்தாள். உள்ளே கேழ்வரகைவிடக் கொஞ்சம் நீளமாக, தவிட்டு நிறத்தில் மணிகள். நகத்தால் நசுக்கினாள். நசுங்கவில்லை. அப்பா பிடுங்கிப்போட்ட பாசி கரையில் சருகாகக் கிடந்தது. அதன் கணுக்களில் கையை விட்டு உருவினாள். அதே மணிகள். பாசி காய்க்கும், தாரா அதைத் தழையோடு விழுங்கும், தழை செரித்துப்போகும், மணி செரிக்காது. எங்கே போய் உட்காருகிறதோ அங்கே விழும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். குனிந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஊரில் எச்சத்தை வயலுக்கு உரம் என்று புகழ்ந்து பேசத் தெரிந்த அத்தனை பேரில் ஒருவன் குனியவில்லை.

இரண்டையும் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

“பீயவா பொட்டலம் கட்டிக் கொண்டாந்த?” என்றான் அய்யப்பன்.

“பாருங்க. இது பறவை பேண்டது. இது பாசியில உருவுனது. வித்தியாசம் சொல்லுங்க.”

அவன் பார்த்தான். உள்ளங்கையில் வைத்து உருட்டி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். புரிந்துவிட்டது. அவன் முகத்திலேயே தெரிந்தது.

“சரிதான்டி. ஆனா இதை யாரு ஒத்துக்குவா?”

புரியாதவனோடு சண்டை போடலாம். புரிந்துகொண்டு பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்கிறவனை என்ன செய்வது? அன்றைக்கு அவள் சோறு ஆக்கவில்லை. அவனும் ஏன் என்று கேட்கவில்லை.

மாசி பிறந்தது. மிளகாய்ப் பழம் வந்து ரோட்டோரமெல்லாம் சிவப்பாகக் காய்ந்தது. ஜெர்லினும் ராமலெட்சுமியும் எதிரெதிரே குந்தி மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். ராமலெட்சுமி புருசன் வீரபத்திரன் உக்கிரபாண்டி தோட்டத்தில் வேலை பார்க்கிறவன். பேச்சு அவனைப் பற்றித்தான் போனது.

“சோத்துல கைய வச்சா அய்யோம்மாங்குது அந்த மனுசன். கை பூராக் கீறலு. அதுல மிளகா வேற பட்டா எப்படி இருக்கும்? வேப்பெண்ணெ தடவிவிட்டுக்கிட்டே இருக்கேன்.”

“என்ன கீறலுக்கா?”

“எல்லாம் அந்தச் சனியன் புடிச்ச குட்டையில பாசி எடுத்து எடுத்து…”

ராமலெட்சுமி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜெர்லின் கை மிளகாய்மேல் அப்படியே நின்றது.

“எந்தக் குட்டையில?”

“ஒண்ணுமில்ல செல்லினு. நீ கிளறு.” ஜெர்லின் என்ற பேர் அவள் வாயில் அப்படித்தான் வரும்.

“அக்கா. எந்தக் குட்டையில?”

ராமலெட்சுமி ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். “அம்பலம் தோட்டத்துக் குட்டையில. வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லிருக்காரு. நான் சொன்னேன்னு சொல்லிறாதத்தா, வேலை போயிரும்.”

“எப்பருந்து எடுக்காரு?”

“கார்த்திகை மழை விட்டதுலருந்து.”

கார்த்திகை. ஊருணியில் பாசி தெரிந்தது மார்கழியில். ஜெர்லின் எழுந்தாள். கையில் ஒட்டியிருந்த மிளகாய் விதையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

“ஏ புள்ள, எங்கன போற? ஏ செல்லினு!”

உக்கிரபாண்டியின் பண்ணைக்குட்டை ஊருக்கு மேற்கே. ரோகுவும் கட்லாவும் விட்டிருக்கிறார். மீன் திருட்டுக்குப் பயந்து சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் கம்பிவேலி, ஒரு கேட், அதில் கைப்பிடி அளவுப் பூட்டு. சாவியை அவர் அரைஞாண் கயிற்றில் கட்டியிருப்பார். மகனிடம்கூடக் கொடுப்பதில்லை என்று ஊரே சிரிக்கும். அவள் வேலிப்பக்கம் போனதும் உள்ளேயிருந்து தாராக் கூட்டம் சடசடவென்று கிளம்பி, தலைக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கண்மாய்ப் பக்கம் போனது. தண்ணீருக்கு அடியில் பச்சை. வேலிக்கு வெளியே, கருவேலம் புதருக்குப் பின்னால், பிடுங்கிக் கொட்டிய பாசி அம்பாரம். அடியில் கிடந்தது காய்ந்து கறுத்துப்போயிருந்தது. மேலே கிடந்தது இன்றைக்கு எடுத்தது. இன்னும் தண்ணீர் ஒழுகியது.

அவள் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். அந்த மனுசனுக்குத் தெரிந்திருக்கிறது. அவளை மந்தையில் நிறுத்திக் கேள்வி கேட்டபோது தெரியும். அப்பாவைத் தண்ணீரில் இறக்கியபோது தெரியும். ஊருணிக்குப் பாசி வந்ததே உன் குட்டையிலிருந்துதான் என்று ஊர் அவரைக் கேட்டுவிடக் கூடாது. கேட்பதற்குமுன் ஒருத்தி தானாக வாயைத் திறந்து எங்க ஊர்ப் பாசி என்று சொன்னாள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

வேலியில் ஒரு பழைய உரச்சாக்கு தொங்கியது. எடுத்தாள். கை கிழியக் கிழிய ஈரப் பாசியை அள்ளித் திணித்தாள். தலையில் தூக்கி வைத்தபோது முதுகு வழியாகத் தண்ணீர் இறங்கியது.

மந்தையில் மாசிக்களரித் திருவிழாவுக்குச் சமையலுக்கு யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. உக்கிரபாண்டி பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். தர்மராஜ் பக்கத்தில். அய்யப்பன் கூட்டத்தோடு கூட்டமாகத் தரையில். ஜெர்லின் நேராகப் போய் சாக்கை அவர் காலடியில் கவிழ்த்தாள்.

“என்னத்தா குப்பை இது?”

“உங்க குட்டைப் பாசி மாமா.”

உக்கிரபாண்டி காலை உள்ளே இழுத்துக்கொண்டார். “உன்னைய யாரு என் தோட்டத்துக்குள்ள போகச் சொன்னது?”

“உள்ள போகல. வேலிக்கு வெளிய அம்பாரமாக் கொட்டி வச்சிருக்கீகளே, அதுல அள்ளுனேன். நம்பிக்கை இல்லாதவுக போய்ப் பாத்துட்டு வரலாம்.”

யாரும் எழுந்திருக்கவில்லை. பாசியைத்தான் பார்த்தார்கள். இரண்டு மாசமாக அதைப் பார்த்துப் பழகிய கண்கள். இது அதுதான் என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

“சரி, கெடக்கு,” என்றார் அவர். “என் குட்டையில கெடந்தா உனக்கென்ன?”

“எங்கண்ணன் எப்ப மாமா வந்து உங்க குட்டையில வலை அலசுனான்?”

“அவன் எப்படி வருவான்? சாவி என் இடுப்புலல்ல இருக்கு. எவன் உள்ள வந்துருவான்?”

“அப்பறம் எப்படி வந்துச்சு?”

“தாரா போட்டிருக்கும். விடிஞ்சா எந்திரிச்சா அங்கனதான அடைஞ்சு கெடக்குது, சனியன் புடிச்ச…”

நிறுத்திவிட்டார். ஆனால் சொல்லியாகிவிட்டது.

“இன்னொருக்கச் சொல்லுங்க மாமா,” என்றாள் ஜெர்லின். “பின்னால இருக்கவுகளுக்குக் கேக்கல.”

எல்லாருக்கும் கேட்டிருந்தது. ஒருத்தர் இருமினார். இன்னொருத்தர் வேட்டியில் இல்லாத தூசியைத் தட்டினார். மிளகாய் மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்காரர் ஒருவர்தான் வாயைத் திறந்தார்.

“அட, பறவைதானா? நான்கூட என்னமோன்னு நெனச்சேன். வாயில்லாச் சீவன், அதுக்கு என்ன தெரியும்?”

அதோடு மந்தைக்கு மூச்சு வந்தது. ஆமா, அதுக்கு என்ன தெரியும். அது பாட்டுக்குத் திங்குது, அது பாட்டுக்குப் போகுது. சிரிப்புக்கூட வந்தது. எந்தக் குற்றத்துக்கு இரண்டு மாசம் ஒரு வீட்டுக்குக் குடிதண்ணீரை நிறுத்தினார்களோ, அது பறவை செய்தது என்றதும் வெற்றிலை போடுகிற நேரத்தில் மன்னிக்கப்பட்டுவிட்டது.

“அப்ப அடுத்த வருசம் ஊருணிப் பக்கம் ரெண்டு வெடியப் போட்டு விரட்டிருவமா?” என்றான் தர்மராஜ்.

“வாய மூடுலே!” உக்கிரபாண்டி இப்போதுதான் நிஜமாகக் கோபப்பட்டார். “எந்த நாட்டுலருந்தோ நம்மள நம்பி வருதுக. அதுகளைப் போய் வெடி போடுவானாம்!”

“நானும் நம்பித்தான மாமா வந்தேன்?” ஜெர்லின் ஒரு எட்டு முன்னால் வந்தாள். “வெடி வேணாம். ஒருத்தரும் அதுகளைத் தொட வேணாம். அது ஒரு தப்பும் செய்யல. தப்புச் செஞ்சது நீங்க. தெரிஞ்சேதான எங்கப்பாவத் தண்ணிக்குள்ள எறக்குனீக? அவரு கை கிழிஞ்சப்ப உங்க குட்டையில பாசி எடுத்தவுக கையும் கிழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பாத்துக்கிட்டே உக்காந்திருந்தீகளே, சோறு எப்படி எறங்குச்சு?”

“ஏத்தா, மட்டு மரியாதையாப் பேசு.”

“மரியாதையாத்தான் பேசுறேன். இல்லைன்னா இந்தப் பாசி உங்க தலையில கெடக்கும்.”

அய்யப்பன் பாதி எழுந்தான். எந்தப் பக்கம் எழுவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

உக்கிரபாண்டி சிரித்துக்காட்டினார். சிரித்தால் பெரிய மனுசனாகத் தெரியும் என்று அவருக்கு ஒரு எண்ணம். “சரித்தா, விடு. நாளைக்குக் காலையிலருந்து நீ குடம் எடுத்துக்க. போதும்ல?”

“எங்கப்பாவுக்கு?”

“உங்கப்பாவுக்கு என்ன?”

“இதே இடத்துல துண்டக் கக்கத்துல வச்சுக்கிட்டு மன்னிப்புக் கேட்டாரே, அதுக்கு?”

“அட, அவரு பெரிய மனசுக்காரரு. ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டாரு.”

களரிப் பேச்சு மறுபடி ஆரம்பமானது. பரமக்குடி சமையல்காரனைக் கூப்பிடலாம் என்று ஒருவர் சொன்னார். ஜெர்லின் காலி சாக்கை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். கொல்லையில் இரண்டு மாசமாகக் கவிழ்ந்து கிடந்த குடத்தை எடுத்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். இடுப்பில் வைத்துக்கொண்டு மந்தை வழியாகவே திரும்பி வந்தாள். வேறு வழி இருக்கிறது. வேண்டுமென்றேதான் இந்த வழியில் வந்தாள்.

“விளக்கு வச்சாச்சு! நாளைக்குன்னுதான சொன்னாரு!” என்று தர்மராஜ் கத்தினான்.

“நாளைக்கு உன் பொண்டாட்டி எடுப்பா. நான் இப்ப எடுக்கேன்.”

படியிறங்கினாள். யாரும் வந்து தடுக்கவில்லை. வருவார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். வந்தால் குடத்தால் அடிப்பது என்று முடிவு செய்திருந்தாள். தண்ணீரில் கிடந்த தாராக்கள் கொஞ்சம் விலகிப் போயின. குடத்தை வைத்துப் பாசியை ஒதுக்கி, முக்கி, தூக்கினாள்.

வீட்டில் குடத்து வாயில் வேட்டித் துணி கட்டி வடித்தாள். துணியில் பாசித் தூளும் அந்தத் தவிட்டு மணிகள் சிலதும் நின்றன. ஒரு செம்பு காய்ச்சி ஆற்றிக் கனகலட்சுமிக்குக் கொடுத்தாள். அவள் ஒரே மூச்சில் குடித்தாள்.

“எவ குடுத்தா?”

“நான் எடுத்தேன் அத்தை.”

“எவனும் ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்லட்டும்.”

ஜெர்லினும் குடித்தாள். சேற்று வாடை. அதற்கடியில் எச்ச வாடை. இதற்காகவா என்று இருந்தது. முழுதும் குடித்தாள்.

அய்யப்பன் வந்து வாசற்படியில் நின்றான். “அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சுல்ல. இன்னும் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?”

அவள் போனை எடுத்தாள். அப்பா நம்பரைப் போட்டாள். ஸ்பீக்கரை அழுத்தி அவன் கையில் வைத்தாள்.

“என்னடி, என்ன சொல்லச் சொல்ற?”

“மன்னிப்புக் கேக்க வாங்கன்னு அவரைக் கூப்பிட்டது நீங்க. பாசி எப்படி வந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க. அந்தப் பொட்டலத்தைப் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்ததையும் சொல்லுங்க.”

“நாளைக்குப் பேசிக்கிறேன்.”

மணி போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். படகு எஞ்சின் சத்தம், யாரோ கயிற்றை இழுக்கச் சொல்லிக் கத்துகிற சத்தம், பிறகு சூசைமுத்துவின் குரல்.

“ஆரு, மருமகனா? என்னய்யா, பாசி இன்னும் போகலையா? மறுபடியும் நான் வரணுமா?”

அய்யப்பன் அவளைப் பார்த்தான். ஜெர்லின் நகரவில்லை.

“சொல்லுங்க,” என்றாள்.